தொடை கிரீமில் பெப்டைடு: 38ஆ, 39ஆ? எவ்வளவு போடணும்?

அரசலாறு (கும்பகோணம்):

எல்லாருக்கும் வணக்கம். உரிமத்தோட சோப்பு, லோஷன், ஃபேஸ் கிரீம் தயாரிக்கிற சின்ன யூனிட் எங்களுது. தஞ்சாவூர், மாயவரம், திருவாரூர் பார்லர்கள்ல இப்ப ஸ்லிம்மிங் கிரீம் கேட்கிறாங்க. தொடையில குழி குழியா இருக்கிறது மறையணும், அதுவும் பெப்டைடு (சில அமினோ அமிலங்கள் கோத்த குட்டிப் புரதத் துண்டு) போட்டதா இருக்கணுமாம். கொள்ளு மாவு தேய்ச்சுவிட்ட காலம் போச்சுன்னு ஒரு பார்லர் மேடம் சொல்றாங்க.

சப்ளையர் விலைப்பட்டியல்ல "அசிட்டைல் ஹெக்ஸாபெப்டைடு, 98% தூய்மை, 1 கிராம்"னு ரெண்டு வரி இருக்கு. ஒண்ணு 38, இன்னொண்ணு 39. கேட்டா "ரெண்டும் கொழுப்புக்குத்தான் மேடம்"ங்கறார். வித்தியாசம் என்ன? 5 கிலோ பேட்ச்சுக்கு எவ்வளவு? கூடவே காஃபின் 3% போடலாமா? எங்க அறையில ஏசி கிடையாது, சித்திரை வெயில்ல பெப்டைடு தாங்குமா? கடைசியா, வாங்கறவங்ககிட்ட நேர்மையா என்ன சொல்லலாம்?

குடமுருட்டி:

முதல்ல நம்பர். அதுல தப்பினா எல்லாமே தலைகீழ். தொடைக்கும் இடுப்புக்கும்னு விக்கிறது அசிட்டைல் ஹெக்ஸாபெப்டைடு-39. ஸ்பெயின்ல இருக்கிற லிப்போடெக் கொண்டுவந்த "சிலுசைன்" இதுதான். கொழுப்பு செல் முதிர்ந்து கொழுப்பைச் சேர்க்கிற வேலையில பிஜிசி-1 ஆல்ஃபான்னு ஒரு புரதத்துக்குப் பங்கு உண்டு, அதை 39 மட்டுப்படுத்துதுங்கிறது அவங்க வாதம். 38 அதே கம்பெனியோட "அடிஃபைலின்". அது அதே புரதத்தைக் கூட்டிவிட்டு, பூசின இடத்துல கொழுப்பு சேரட்டும்னு செஞ்சது. ஒட்டின கன்னத்துக்கும் மார்புக்கும் விக்கிறாங்க. "ரெண்டும் கொழுப்புக்குத்தான்"னு சப்ளையர் சொன்னது பொய்யில்ல, ஒண்ணு குறைக்க, இன்னொண்ணு கூட்ட, அவ்வளவுதான். 38-ஐ தொடை கிரீம்ல போட்டு விக்கிறதை நினைச்சா சிரிப்பும் வருது, பயமும் வருது. பில்லுல, டப்பால, பகுப்பாய்வுச் சான்றுல மூணு இடத்துலயும் 39னு இருக்கணும். ஒண்ணுல வெறும் "ஹெக்ஸாபெப்டைடு"ன்னு இருந்தாலும் திருப்பி அனுப்புங்க. அசிட்டைல் ஹெக்ஸாபெப்டைடு-8ன்னும் ஒண்ணு உண்டு. அது நெத்திச் சுருக்கத்துக்கானது, இங்க அதுக்கு வேலையில்ல.

அளவு விஷயத்துல சதவீதத்தை மறந்துட்டு பிபிஎம்ல (பத்து லட்சத்துல ஒரு பங்கு) யோசிங்க. பெப்டைடுல பெரும்பாலானது வேலை செய்யறதா சொல்லப்படற அளவே சில பிபிஎம்லேருந்து சில பத்து பிபிஎம் வரைக்கும்தான். உதாரணத்துக்கு மேட்ரிக்சில். அந்த மூலப்பொருள்ல பால்மிட்டாய்ல் பென்டாபெப்டைடு-4 சுமார் 100 பிபிஎம், மீதி கிளிசரினும் தண்ணியும் மாதிரி சமாச்சாரம். "3% மேட்ரிக்சில்"னு லேபிள் போட்ட கிரீம்ல நிஜ பெப்டைடு 3 பிபிஎம், அதாவது 100 கிராம் டப்பாவுல 0.3 மில்லிகிராம். சந்தையில "5% பெப்டைடு"ன்னு பார்க்கிறதெல்லாம் இந்தக் கணக்குதான்.

இதனாலதான் பொடி வாங்கற சின்ன யூனிட்டுக்கு எடைபோடறதே பெரிய தலைவலி. 5 கிலோ பேட்ச்சுல 10 பிபிஎம் வேணும்னா மொத்தமே 50 மில்லிகிராம். 0.01 கிராம் காட்டற நகைக்கடைத் தராசுல அதை நிறுத்தா அஞ்சுல ஒரு பங்கு முன்னபின்ன ஆகும். 1 மில்லிகிராம் காட்டற தராசு வேணும். இல்லன்னா பொடியே வேண்டாம், தயாரிப்பாளர் கரைச்சே விக்கிற திரவத்தை வாங்கி, அவங்க தாள்ல போட்டிருக்கிற சதவீதப்படி சேர்த்துடுங்க. என் ஓட்டு திரவத்துக்குத்தான்.

பொடிதான்னா ஸ்டாக் கரைசல் போடுங்க. தண்ணி 69, கிளிசரின் 30, பினாக்சிஎத்தனால் 1, ஆகமொத்தம் 100 கிராம். இதுல 100 மில்லிகிராம் நிஜ பெப்டைடு கரைச்சா 0.1% ஸ்டாக். 5 கிலோவுக்கு அதுல 50 கிராம் ஊத்தினா 10 பிபிஎம். "நிஜ பெப்டைடு"ன்னு சொன்னதுல ஒரு சிக்கல் உண்டு, அதை மன்னை சார் சொல்வார். டப்பா ஃப்ரீசர்லேருந்து வந்ததும் திறக்காதீங்க. மூடியோட அறைச் சூட்டுக்கு வந்தப்புறம்தான் திறக்கணும். நம்ம ஊர் ஈரக்காத்துல குளிர்ந்த பொடியைத் திறந்தா ஒரு நிமிஷத்துல வேர்த்துப் பிசுபிசுத்துடும், அப்புறம் எடையும் தப்பு, ஆயுசும் குறைவு. ஸ்டாக்கை ஃப்ரிட்ஜ்ல 2-8 டிகிரியில வைங்க, பேட்ச்சுக்குப் போதுமானது மட்டும் கலக்குங்க.

இப்ப காஃபின். 3% போட்டா சித்திரையில அருமையா இருக்கும், மார்கழியில மணல் மணலா வரும். 25 டிகிரியில 100 மில்லி தண்ணி சுமார் 2 கிராம் காஃபினைத்தான் பிடிக்கும். 80 டிகிரியில அது 18 கிராம் வரை போகும். அதனால சூட்டுல எல்லாம் கரைஞ்ச மாதிரிதான் தெரியும். உங்க கிரீம்ல தண்ணியே 75% தான் இருக்கும், ஆக தாங்கற அளவு 1.5%. அதுக்கு மேல போனது ஆறினப்புறம் ஊசி ஊசியா படிகமாகும். தேய்க்கறப்ப நறநறன்னு குத்தும், படிகமா நிக்கிற காஃபின் தோலுக்குள்ள போகவும் போகாது. கூட நயாசினமைடு (வைட்டமின் பி3 வகை) 3% போட்டா கரைதிறன் கூடும், அப்ப 2% வரை இழுக்கலாம். அதுக்கு மேல பேராசை. சோடியம் பென்சோவேட்டும் காஃபினைக் கரைக்கும், ஆனா அது கிரீம் கெடாம காக்கிற பாதுகாப்பானா (ப்ரிசர்வேடிவ்) வேலை செய்ய பிஹெச் 5க்குக் கீழ வேணும். நயாசினமைடுக்கு 5.5-6.5 தான் நல்லது. ரெண்டையும் ஒரே பானையில கட்டி மேய்க்க வேண்டாம்.

100 கிராமுக்கு ஒரு ஆரம்பக் கணக்கு: கிளிசரில் ஸ்டியரேட்டும் பெக்-100 ஸ்டியரேட்டும் சேர்ந்த எமல்சிஃபையர் 4, சீட்டைல் ஆல்கஹால் 1.5, கேப்ரிலிக்-கேப்ரிக் டிரைகிளிசரைடு 6, டைமெத்திகோன் 2 (இது இருந்தாத்தான் மசாஜ் பண்றப்ப கை வழுக்கும்), கிளிசரின் 3, நயாசினமைடு 3, காஃபின் 2, சாந்தன் கம் 0.3, பினாக்சிஎத்தனால்-எத்தில்ஹெக்சில்கிளிசரின் கலவை 1, பெப்டைடு ஸ்டாக் 1, மீதி தண்ணி. எண்ணெய்ப் பகுதி, தண்ணிப் பகுதி ரெண்டும் 75 டிகிரி. காஃபின் தண்ணிப் பகுதியிலயே சூடா கரையணும். ஹோமோஜனைஸ் பண்ணி, ஆறவிட்டு, 40க்குக் கீழ வந்தப்புறம்தான் பாதுகாப்பானும் ஸ்டாக்கும். சித்திரையில உங்க அறையே 37 இருக்கும், 40க்கு இறங்க ரொம்ப நேரமாகும். வெளித்தொட்டியில குளிர்ந்த தண்ணி விடலாம், ஆனா 55 டிகிரிக்கு வந்தப்புறம் மட்டும். அதுக்கு முன்னாடி சட்டுனு குளிரவச்சா சீட்டைல் ஆல்கஹால் குருணை குருணையா உறையும். கடைசியில பிஹெச் 5.5-6.

தண்ணி டிஎம் வாட்டர் (உப்பு நீக்கின தண்ணி)தான். நாகை, வேதாரண்யம் பக்கத்து போர் தண்ணி மட்டுமில்ல, கும்பகோணத்து ஆர்ஓ தண்ணியிலகூட உப்பு மிச்சம் இருக்கும். கார்போமர் ஜெல் போடற உத்தேசம் இருந்தா ரெண்டு தடவை யோசிங்க. உப்பு பட்டா ஜெல் நீர்த்துப் போகும். ஜிஎச்கே மாதிரி நேர்மின்சுமை உள்ள பெப்டைடு எதிர்மின்சுமை உள்ள கார்போமர்ல போய் ஒட்டிக்கிட்டு வெளியே வராது. நீல நிற காப்பர் பெப்டைடு சேர்க்கச் சொல்லி யாராவது தள்ளினா, அதோட ஈடிடிஏவும் வைட்டமின் சியும் ஆகாதுன்னு ஞாபகம் வைங்க. ஈடிடிஏ செம்பைப் பிடுங்கிக்கும், நீலம் வெளிறும்.

மன்னை மருந்தாளுநர்:

குடமுருட்டி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். "98% தூய்மை" என்பது எச்பிஎல்சி (கலவையைப் பிரித்து அளக்கும் ஆய்வக முறை) காட்டும் தூய்மை. கண்ட பெப்டைடுகளில் 98 பங்கு நீங்கள் கேட்ட பெப்டைடு என்றுதான் அதற்குப் பொருள். பொடியின் எடையில் 98 பங்கு பெப்டைடு என்பதல்ல. பொடியில் ஈரமும், தயாரிப்பில் ஒட்டிக்கொண்ட அசிட்டேட் அல்லது டிரைஃப்ளூரோஅசிட்டேட் உப்பும் இருக்கும். நிகர பெப்டைடு அளவு என்று தனி வரி சான்றில் இருக்கவேண்டும். அது 80% என்றால் 100 மில்லிகிராம் வேண்டிய இடத்தில் 125 மில்லிகிராம் நிறுக்கவேண்டும். அந்த வரியே இல்லாத சான்றை நம்பிப் பேட்ச் போடக்கூடாது. உப்பு வகையில் அசிட்டேட்டையே கேட்டு வாங்குங்கள், தோலில் பூசுவதற்கு அதுதான் ஏற்றது. அமினோ அமில வரிசையும், நிறைமாலைமானியில் கண்ட மூலக்கூறு எடையும் சான்றில் இருந்தால் 38-39 குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

தாங்குமா என்ற கேள்விக்கு: 40 டிகிரி, 75% ஈரப்பதத்தில் மூன்று மாதம் வைத்து, பிஹெச், பாகுநிலை, நிறம், வாசனை பார்ப்பது வழக்கம். ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா தனியாக இருக்கட்டும், காஃபின் படிகம் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஆனால் கிரீம் உடையாமல் இருப்பதால் உள்ளே பெப்டைடும் உயிரோடு இருக்கிறது என்று ஆகாது. எமல்ஷனுக்குள் 10 பிபிஎம் பெப்டைடைப் பிரித்து அளப்பது சாதாரண ஆய்வகத்தில் நடக்கிற காரியமல்ல. எனவே காலாவதியை நீட்டி அச்சடிக்காதீர்கள். அகன்ற வாய் டப்பாவைவிட, வெளிச்சம் புகாத ஏர்லெஸ் பம்ப் நல்லது. ஈரக்கை விட்டு அள்ளும் பழக்கத்துக்கு எந்தப் பாதுகாப்பானும் ஈடுகொடுக்காது.

இனி லேபிள். 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி, சுத்தப்படுத்த, அழகூட்ட, தோற்றத்தை மாற்றப் பூசுவதுதான் அழகுசாதனம். "தோல் வழவழப்பாகத் தெரியும்" என்பது இந்த எல்லைக்குள் நிற்கும். "கொழுப்பைக் கரைக்கும்", "எடை குறையும்" என்றால் மருந்தின் வாசலில் கால் வைத்தாகிவிட்டது. அதைவிடக் கடுமையானது 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர வைத்தியங்கள் விளம்பரத் தடைச் சட்டம். அதன் அட்டவணையில் உடல் பருமன் இருக்கிறது, பெண்களின் மார்பக அமைப்பும் இருக்கிறது. 39-க்கு ஒன்று, 38-க்கு ஒன்று என்று முன்கூட்டியே எழுதிவைத்ததுபோல! "ஊளைச்சதை பதினைந்தே நாளில்" என்று பார்லர் சுவரில் ஒட்டும் நோட்டீசும் விளம்பரம்தான். பொருள் உங்கள் பெயரில் இருப்பதால் பார்லர்காரர் எழுதியதற்கும் உங்களிடம் வந்து கேட்பார்கள். உங்கள் சிஓஎஸ்-8 (அழகுசாதனத் தயாரிப்பு) உரிமத்தில் இந்த வகைப் பொருளும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி அதைச் சேர்த்த பிறகே முதல் டப்பா வெளியே போகவேண்டும்.

வெட்டாறு (தோல், கால்வீக்கப் பிரிவு):

நேர்மையா என்ன சொல்றதுன்னு கேட்டீங்களே, அதுக்கு வர்றேன். நீங்க சொன்ன அந்தக் குழி குழியா தெரியறதுக்குப் பேரு செல்லுலைட், அது நோய் இல்ல. வயசுக்கு வந்த பெண்கள்ல 80-90% பேருக்கு ஏதோ ஒரு அளவுல இருக்கு, ஒல்லியா இருக்கறவங்களுக்கும்தான். தோலை அடிச்சதையோட கட்டற நார்கள் பெண்களுக்குத் தோலுக்கு நெட்டுக்குத்தா ஓடுது. நார் இழுக்கிற இடம் குழி, நடுவுல கொழுப்பு பிதுங்கற இடம் மேடு. இலவம்பஞ்சு மெத்தையில தையல் போட்ட இடம் உள்ளே போய், மத்த இடம் உப்பிக்கிட்டு நிக்குமே, அதே அமைப்பு. பஞ்சைக் கொஞ்சம் குறைச்சாலும் தையல் அங்கேயேதான் இருக்கும். எந்த கிரீமும் அந்த நாரை அறுக்கறதில்ல. அறுக்கணும்னா ஊசி, கத்தி வழிதான். நாரைக் கரைக்கிற கொலாஜினேஸ் ஊசிக்கு அமெரிக்காவுல 2020-ல அனுமதி கிடைச்சது. ரத்தக்கட்டும் தோல் கருமையும் பெரிய பிரச்சினையாகி 2022 கடைசியில கம்பெனியே நிறுத்திடுச்சு.

பெப்டைடு உள்ளே போகுதாங்கிறதும் தனி வழக்கு. 500 டால்ட்டனுக்கு (மூலக்கூறு எடையோட அலகு) மேல உள்ள மூலக்கூறு தோலின் மேலடுக்கைத் தாண்டறது கஷ்டம்னு 2000-லேருந்து சொல்ற விதி ஒண்ணு இருக்கு. காஃபின் 194, சுலபமா போகும். இந்த ஹெக்ஸாபெப்டைடுகள் அந்தக் கோட்டுக்கு மேல. போனாலும் மேல்தோல், உள்தோல் தாண்டி கொழுப்பு வரைக்கும் எவ்வளவு சேரும்? ஆதரவா காட்டற சோதனைகள்ல பெரும்பாலானது ஆய்வகத்து செல்கள் மேல, இல்லன்னா தயாரிப்பாளரே சில பேர் மேல நடத்தினது. அதனால என் கணக்குல கிடைக்கிற பலன்ல முக்காவாசி மசாஜும் ஈரப்பதமும், மிச்சத்துல பெரும்பங்கு காஃபின், பெப்டைடுக்குக் கடைசி நாற்காலி. "தினம் ரெண்டு வேளை, எட்டுப் பன்னிரண்டு வாரம், தோல் கொஞ்சம் வழவழப்பா தெரியலாம், நிறுத்தினா பழையபடி" என்பது நேர்மையான வாசகம். இப்ப பேசற எடை குறைப்பு ஊசி, செமாகுளுடைடு, அதுவும் பெப்டைடுதான். ஆனா அது 4,100 டால்ட்டன் பக்கம், ஊசியில போறது. "அந்த ஊசியோட கிரீம் வடிவம்"னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துடலாம்.

நம்ம பகுதியில இதைவிட முக்கியமான ஒண்ணு. கும்பகோணம், தஞ்சாவூர்ச் சுத்துவட்டாரம் நெடுநாளா யானைக்கால் இருந்த மண். வருஷாவருஷம் மாத்திரை கொடுத்து புதுசா வர்றது ரொம்ப குறைஞ்சிருக்கு, ஆனா பழைய வீக்கத்தோட இருக்கறவங்க உண்டு. "ஒரு கால் மட்டும் குண்டாயிடுச்சு, ஸ்லிம்மிங் கிரீம் வேணும்"னு பார்லருக்கு வந்தா அது செல்லுலைட் இல்ல. ரெண்டாவது கால்விரல் பாதத்தோட சேர்ற இடத்துல, மேல்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்கச் சொல்லுங்க. மடிப்பு எழும்பலைன்னா நிணநீர் வீக்கம்னு சந்தேகப்படணும். ஆரம்பத்துல இந்தச் சோதனை சரியா தெரியாமலும் போகலாம், அதனால மடிப்பு எழும்பினாலும் ஒருபக்க வீக்கம்னா டாக்டர்தான். அவங்களுக்கு வேண்டியது தினமும் கழுவி விரலிடுக்கைத் துடைக்கிறது, காலைத் தூக்கி வைக்கிறது, முறையான கட்டு. காய்ச்சலோட கால் சிவந்து வலிக்கிற நேரத்துல அழுத்தித் தேய்ச்சா நிலைமை மோசமாகும். திடீர்னு ஒரு கால் வீங்கி ஆடுசதை வலிச்சா ரத்த உறைவா இருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரி. அங்க மசாஜே ஆபத்து. இன்னொரு வகை, ரெண்டு காலும் சமமா பருத்து, தொட்டா வலி, லேசா இடிச்சாலே ரத்தக்கட்டு, ஆனா பாதம் மட்டும் மெலிசா இருக்கும். அது லிப்பிடீமா, அதையும் கிரீம் தொடாது. டப்பாவோட போற தாள்ல இந்த நாலு வரியைச் சேர்த்தீங்கன்னா பார்லர்காரங்களுக்கு உதவும்.

அரசலாறு:

எல்லாருக்கும் நன்றி. 38 வரியை அடிச்சாச்சு, சப்ளையர்கிட்ட நிகர பெப்டைடு அளவு கேட்டிருக்கேன். இன்னும் ரெண்டு. அதே சப்ளையர் "லிப்போரிடக்டில்"னு ரெடி கலவை தரேங்கறார், எதையும் தனியா நிறுக்க வேண்டாமாம். நல்லதா? அப்புறம் ஒரு சின்னக் குழுவை வச்சு பார்க்கணும்னா எப்படி அளக்கறது? பார்லர்ல பூசிட்டு பிளாஸ்டிக் தாள் சுத்தி வைக்கலாமான்னும் கேட்கிறாங்க.

குடமுருட்டி:

லிப்போரிடக்டில்ல காஃபின், கார்னிட்டின், எசின், புட்சர்ஸ் புரூம் சாறு, டிரைபெப்டைடு-1 எல்லாம் ஒண்ணா இருக்கு. வசதிதான். ஆனா பட்டியல்ல டிஇஏ-ஹைட்ரயோடைடுன்னு (TEA-hydroiodide) ஒண்ணு இருக்கும், அது அயோடின் சேர்ந்த உப்பு. தைராய்டு பிரச்சினை உள்ளவங்க, கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவங்க வேண்டாம்னு லேபிள்ல எழுதணும். உப்புங்கறதால கார்போமர் ஜெல்லை நீர்க்கவும் வைக்கும், சாந்தன் பக்கம் நில்லுங்க. அதுல ஏற்கெனவே காஃபின் இருக்கு, தனியா 2% போட்டா மொத்தக் கணக்கு கரைதிறனைத் தாண்டாம பார்த்துக்குங்க.

அளக்கறதுக்கு: ஒரு தொடைக்கு பெப்டைடு கிரீம், இன்னொரு தொடைக்கு அதே கிரீம் பெப்டைடு மட்டும் இல்லாம. எது எந்தப் பக்கம்னு பூசறவங்களுக்கும் அளக்கறவங்களுக்கும் தெரியக்கூடாது. ரெண்டுலயும் காஃபின் இருக்கட்டும், இல்லன்னா காஃபினோட பலனை பெப்டைடு கணக்குல எழுதிடுவீங்க. டேப்பை முட்டிச்சில்லின் மேல் விளிம்பிலிருந்து ஒரே உயரத்துல, 20 செ.மீ.னு வச்சுக்கலாம், ஒரே ஆள் பிடிக்கணும். காலையில, ஒரே நேரத்துல. நாள் பூரா நின்னவங்க கால் சாயங்காலம் நீர் கோர்த்து கூடுதலா காட்டும். மாதவிலக்குச் சுழற்சியிலயும் ஒரே கட்டத்துல அளங்க. ஃபோட்டோவுக்கு விளக்கை பக்கவாட்டுல ஒரே கோணத்துல வைங்க. நேர் வெளிச்சத்துல எடுத்தா எந்தத் தொடையிலயும் குழி காணாது, பாதி "முன்-பின்" படங்களோட சூட்சுமம் அதுதான். டேப்புல அரை சென்டிமீட்டர் மாற்றம் கைப்பிழைக்குள்ளேயே அடங்கிடும்.

வெட்டாறு (தோல், கால்வீக்கப் பிரிவு):

பிளாஸ்டிக் சுத்த வேண்டாம். வேர்வையில தண்ணி போய் அரை அங்குலம் குறைஞ்ச மாதிரி காட்டும், ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சா திரும்பிடும். மூடி வச்சா நயாசினமைடும் பாதுகாப்பானும் கூடுதலா இறங்கி எரிச்சல் வரலாம். நம்ம புழுக்கத்துல தொடையிடுக்கு மூடிக் கிடந்தா படர்தாமரைக்குக் கேட்கவே வேண்டாம். இருக்கிற படர்தாமரை மேல இந்தக் கிரீமைப் பூசவே கூடாது. புதுசா வாங்கறவங்க முன்கை உட்புறத்துல தினம் ரெண்டு வேளை, ஒரு வாரம் பூசிப் பார்க்கட்டும். அரிக்கலைன்னா அப்புறம் தொடைக்குப் போகலாம். ஒரு தொடைக்கு ஒரு தடவைக்கு 3-4 கிராம், கீழிருந்து மேலா, அஞ்சு நிமிஷம். கன்னிப்போற அளவுக்கு அழுத்த வேண்டியதில்ல.